அவன் ஓட வேண்டிய பந்து

ரெஜிஸின் வாய்ப்பைக் கெடுத்தவன் நான். தவறுதலாக அல்ல. கண்ணால் கண்டு, மனத்தால் அறிந்து, வாயால் ஒரு சொல்லைச் சொல்லிக் கெடுத்தேன்.

இதை இன்றுவரை ஒருவரிடமும் முழுதாகச் சொல்லி முடித்ததில்லை. காரணம் கேட்டால் சிரிப்பீர்கள்... என் குற்றம் விளங்க வேண்டுமானால், கேட்பவருக்கு முதலில் அமெரிக்கன் புட்போல் விளங்க வேண்டும். ஜெர்மனியில் வாழும் நம்மவரில் எத்தனை பேருக்கு அது விளங்கும்? "காலால அடிக்காத விளையாட்டுக்கு ஏன் புட்போல் எண்டு பேர்?" என்ற கேள்வியைத் தாண்டி யாரும் வந்ததில்லை.

ஒருமுறை பாவசங்கீர்த்தனத்தில் முயன்று பார்த்தேன். மாதத்தில் ஒரு ஞாயிறு டுசல்டோர்ஃபில் தமிழ்ப் பூசை வைக்க வரும் பாதர், மன்னார்க்காரர், பொறுமைசாலி என்று பெயரெடுத்தவர். முழங்காலில் நின்றுகொண்டு, "பாதர், ஓட வேண்டிய பந்தை நான் எறிஞ்சுபோட்டன்" என்றேன்.

"ஆருக்கு எறிஞ்சனீர்? காயம் ஏதும் பட்டதோ?"

"இல்லை பாதர். எங்கட ஆளுக்குத்தான் எறிஞ்சனான். அவர் பிடிச்சவர்."

"பிடிச்சிட்டாரோ. பிறகென்ன?"

"நாங்கள் வெண்டிட்டம் பாதர்."

தட்டிக்கு அப்பால் நீண்ட மூச்சு ஒன்று கேட்டது. "மகன், வெளியில சனம் காத்துக்கொண்டு நிக்குது" என்றார். ஒரு சிறு செபத்தைச் சொல்லச் சொல்லி அனுப்பிவிட்டார். கோயில் படியில் நின்று அவர்மீது ஆத்திரப்பட்டேன். அவர்மீது ஆத்திரப்பட எனக்கு என்ன உரிமை இருந்தது?

ஆகவே உங்களிடம் வந்திருக்கிறேன். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்; விளையாட்டைச் சொல்லிவிட்டுக் குற்றத்துக்கு வருகிறேன்.

பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள் தரப்படும். அதற்குள் பத்து யார்ட் தூரம் முன்னேற வேண்டும். முன்னேறினால் மீண்டும் நான்கு. ஒவ்வொரு முயற்சியிலும் பெரும்பாலும் இரண்டே வழிதான். ஓட்டக்காரனின் வயிற்றில் பந்தைத் திணித்து எதிரிகளுக்கு நடுவே அவனை ஓடவிடலாம். அல்லது தூரத்தில் ஓடுகிற ஒருவனுக்கு எறியலாம். ஓடிக்கொண்டே இருந்தால் எதிரிகள் எல்லாரும் முன்னுக்கு வந்து வழியை அடைத்துவிடுவார்கள். எறிந்துகொண்டே இருந்தால் பின்னுக்குப் போய் நின்று பந்தைப் பறித்துவிடுவார்கள். ஆகவே இரண்டையும் கலந்து கொடுக்க வேண்டும். ஓடுவார்கள் என்று அவர்கள் நினைக்கும்போது எறிய வேண்டும். எறிவார்கள் என்று நினைக்கும்போது ஓட வேண்டும்.

ஓட்டமா, எறிதலா என்பதைப் பயிற்சியாளர் கோட்டுக்கு வெளியே நின்று கைச்சைகையால் காட்டுவார். ஆனால் பந்தை முதலில் கையில் வாங்குகிற குவாட்டர்பேக்குக்கு ஓர் அதிகாரம் உண்டு. எதிரிகள் நிற்கும் முறையைக் கடைசிக் கணத்தில் பார்த்து, பயிற்சியாளர் சொன்னதை அவன் மாற்றலாம். அதற்கு ஒரு சொல் இருக்கும். எங்கள் அணியில் அந்தச் சொல் 'பிரேமன்'. வடக்கே இருக்கும் நகரத்தின் பெயர்தான். அதை நான் உரக்கச் சொன்னால் ஓட்டம் ரத்து, பந்து எறியப்படும்.

ஏன் மாற்றினாய் என்று பிறகு யாராவது கேட்டால், "அவர்கள் முன்னுக்கு வந்து அடைத்துக்கொண்டு நின்றார்கள்" என்று சொன்னால் போதும். அந்த இடத்தில் நின்று அந்தக் கணத்தில் பார்த்தவன் நான் ஒருவன். பொய்யா மெய்யா என்று வேறு யார் சொல்வது?

இப்படி ஓர் அதிகாரத்தை யாருக்கும் கொடுக்கக்கூடாது என்று இப்போது நினைக்கிறேன்... எனக்காவது கொடுத்திருக்கக்கூடாது.

நான் ஒன்பது வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவன். ஜெர்மன் மொழி எனக்குச் சீக்கிரம் வாய்த்தது. அதனால் சிறுவயது முதலே எங்கள் ஆட்களுக்கெல்லாம் நான்தான் வாய். யாருக்கு அலுவலகத்தில் டெர்மின், அதாவது சந்திக்க நேரம் குறித்திருக்கிறது என்றாலும், யாருக்கு வைத்தியரிடம் வயிற்றுவலியை விளக்க வேண்டும் என்றாலும், என்னைத்தான் கூட்டிப்போவார்கள். ரெஜிஸ் பதினாறு வயதில் மன்னாரிலிருந்து தகப்பனோடு வந்து சேர்ந்தபோதும் அப்படித்தான். எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் குடியிருந்தார்கள். அவனுக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் கேட்டுப் பேசியவன் நான். டிராமில் எப்படி டிக்கெட் எடுப்பது என்று காட்டியவன் நான். அவனை இந்த விளையாட்டுக்குக் கூட்டிவந்தவனும் நானேதான்.

எங்கள் குடியிருப்புப் பக்கத்துக் கழகம் அது. சம்பளமில்லாத ஆட்டம். வேலை முடிந்து வந்து சேற்றில் விழுந்து எழும்புகிற ஆட்கள். பயிற்சியாளர் யூர்கன், டிராம் ஓட்டுபவர். இளவயதில் அமெரிக்கச் சிப்பாய்களோடு விளையாடிப் பழகியவர். "ஒற்றைக் காலில் எவ்வளவு தூரம் நடப்பாய்? ஓட்டமும் எறிதலும் இரண்டு கால்" என்று ஒவ்வொரு பயிற்சியிலும் சொல்வார். கேட்டுக் கேட்டு எங்களுக்குக் காது புளித்துவிட்டது.

ரெஜிஸ் வந்த முதல் ஆண்டு அவனுக்கு ஹெல்மெட்டை எந்தப் பக்கம் மாட்டுவது என்றுகூடத் தெரியாது. இரண்டாம் ஆண்டு அவனைப் பிடிக்க எங்கள் லீக்கில் ஆள் இல்லை. பந்தை அவன் வயிற்றில் திணிப்பேன்; திரும்பிப் பார்ப்பதற்குள் அவன் முதுகு சிறுத்துக்கொண்டே போகும்.

எங்கள் தமிழ்ச் சனம் வான் வண்டி பிடித்து ஆட்டம் பார்க்க வரத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். நான் அந்த அணியில் எத்தனையோ காலமாக ஆடிக்கொண்டிருந்தேன். எனக்காக ஒரு வான் வந்ததில்லை. சரி, அதைக்கூடப் பொறுத்தேன். ஒரு நாள் மழைக்குள் குடையோடு நின்ற என் அம்மா, வேலிக்கு அருகில் தண்ணீர் குடிக்கப் போன என்னிடம் கேட்டா: "தம்பி, ரெஜிஸ் திரும்ப எப்ப ஓடுவான்?"

என் அம்மா கேட்டா. வேறு யாரும் அல்ல.

இவ்வளவுதானா என்று நீங்கள் நினைக்கலாம். நானும் எத்தனையோ முறை என்னையே கேட்டிருக்கிறேன்... இவ்வளவுதானா? வேறு பெரிய காரணம் ஒன்றை என் மனத்துக்குள் தேடித் தேடிக் களைத்துவிட்டேன். இல்லை. இவ்வளவுதான். நான் கூட்டிவந்தவன் என்னைத் தாண்டிப் போய்விட்டான். அது எனக்குப் பொறுக்கவில்லை.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள் அவை. அமெரிக்கர்கள் ஐரோப்பாவில் நடத்திய தொழில்முறை லீக் ஒன்று அப்போது இருந்தது. எங்கள் நகரத்துப் பெரிய மைதானத்திலும் ஓர் அணி ஆடியது. ஒவ்வோர் அணியிலும் உள்ளூர் ஆட்கள் சிலருக்கு இடம் கொடுப்பார்கள். ஒரு நாள் யூர்கன் எங்களைக் கூப்பிட்டு, அந்த அணியிலிருந்து ஒருவர் அடுத்த ஆட்டத்தைப் பார்க்க வருகிறார் என்றார். யாரைப் பார்க்க என்று அவர் சொல்லவில்லை. எல்லாருடைய கண்ணும் ரெஜிஸின் பக்கம் திரும்பியது.

குவாட்டர்பேக் இடத்துக்கு உள்ளூர் ஆளை எடுக்கமாட்டார்கள், அமெரிக்காவிலிருந்தே கொண்டுவருவார்கள். இது எனக்கு நன்றாகத் தெரியும். அதாவது, அந்த மனிதர் வருவதால் எனக்கு வருவதும் இல்லை, போவதும் இல்லை. இதையும் குறித்துக்கொள்ளுங்கள். எனக்கு ஒரு லாபமும் இல்லாமல்தான் இதைச் செய்தேன்.

அன்று பயிற்சி முடிந்து டிராமில் வரும்போது ரெஜிஸ் மெதுவாகக் கேட்டான்.

"மச்சான், அந்தாள் என்னோட கதைச்சா நீ பக்கத்தில நிப்பாய்தானே? எனக்கு இங்கிலிசும் வராது, ஜெர்மனும் பதட்டத்தில ஓடிப்போயிடும்."

"நிப்பன். ஏன் யோசிக்கிறாய்?"

"அப்பா பேக்கரியில ஆஉஸ்பில்டுங்குக்கு, வேலை பழக, இடம் பாத்து வச்சிருக்கிறார். உடன சேரட்டாம். இந்த ஆட்டம் மட்டும் முடியட்டும் எண்டு கெஞ்சிக் கேட்டிருக்கிறன். இது சரிவந்தா அப்பாவுக்கும் சந்தோசம். சரிவராட்டி மா குழைக்க வேண்டியதுதான்."

சிரித்தான். நானும் சிரித்தேன். அவனுடைய பெருமையையும் நான்தான் மொழிபெயர்க்க வேண்டும் என்ற எண்ணம் எனக்குக் கசந்தது.

ஆட்டத்தன்று மழை இல்லை. அந்த மனிதர் தொப்பியோடு கோட்டின் ஓரமாக நின்றார்.

முதல் 'பிரேமன்' நேர்மையானது. இதை நீங்கள் நம்ப வேண்டும். எதிரணி ரெஜிஸைப் பற்றிக் கேள்விப்பட்டு வந்திருந்தது. எல்லாரும் முன்னுக்கு வந்து சுவர் போல நின்றார்கள். அந்த நிலையில் அவனை ஓடவிட்டால் நசுங்கியிருப்பான். மாற்றினேன். எங்கள் அணியின் உயரமான பையன் ஹோல்கர் தனியாக ஓடிக்கொண்டிருந்தான், எறிந்தேன், பிடித்தான். சனம் கத்தியது. முதல்தடவையாக என் பெயரைக் கத்தியது.

அந்தச் சத்தம் எனக்கு இனித்தது.

அடுத்த முறை அவர்கள் பாதி முன்னுக்கும் பாதி பின்னுக்குமாக நின்றார்கள். ஓடியும் இருக்கலாம், எறிந்தும் இருக்கலாம். மாற்றினேன். அதற்கடுத்த முறையும் மாற்றினேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பந்தை எறியும்போதுகூட ஓட்டக்காரன் சும்மா நிற்பதில்லை. பந்து தன்னிடம் இருப்பதுபோல வெறும் கைகளை வயிற்றில் கட்டிக்கொண்டு எதிரிகளுக்குள் பாய்வான். அவர்கள் ஏமாந்து அவன்மேல் விழுவார்கள். அந்தக் கணத்தில்தான் எனக்கு எறிய நேரம் கிடைக்கும். அன்று ரெஜிஸ் அதை எப்படிச் செய்தான் தெரியுமா? ஒவ்வொரு முறையும் முழு வேகத்தில், முழு மனத்தோடு... வெறும் வயிற்றைக் கட்டிக்கொண்டு இரண்டு மூன்று பேரின் அடியை வாங்கினான். என்னுடைய ஒவ்வோர் எறிதலுக்கும் அவன் உடம்பு வலித்தது. எழும்பி, புல்லைத் தட்டிவிட்டு, என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்துவான்.

இடைவேளையில் யூர்கன் என் ஹெல்மெட்டைப் பிடித்து உலுக்கினார்.

"நான் ஓட்டம் காட்டுகிறேன், நீ எறிகிறாய். என்ன நடக்கிறது?"

"முன்னுக்கு வந்து அடைக்கிறார்கள்."

"ஒவ்வொரு தடவையுமா?"

நான் பதில் சொல்லுமுன் ரெஜிஸ் தன் உடைந்த ஜெர்மனில் குறுக்கிட்டான். "அவன் சொல்வது சரி பயிற்சியாளர். எல்லாரும் என்மேல்தான் நிற்கிறார்கள். உடம்பைப் பாருங்கள்." சட்டையைத் தூக்கி, விலாவில் சிவந்திருந்த இடங்களைக் காட்டினான்.

என் பொய்க்கு அவன் தன் காயத்தைச் சாட்சியாகக் காட்டினான்.

இரண்டாம் பாதியில் எதிரணி மாறியது. என் எறிதலுக்குப் பயந்து பின்னுக்குப் போனார்கள். இதற்காகத்தானே கலந்து கொடுப்பது? இப்போதுதானே ஓட வேண்டும்? யூர்கன் ஓட்டம் காட்டினார். நான் கோட்டில் நின்று பார்த்தேன். நடுவழி திறந்து கிடந்தது. ஒரு கார் போகலாம். எனக்குப் பின்னால் ரெஜிஸ் மூச்சு வாங்குவது கேட்டது. கோட்டோரம் நின்ற அந்த மனிதர் தொப்பியைச் சற்று உயர்த்தி முன்னுக்குக் குனிந்தார்.

நான் 'பிரேமன்' என்றேன்.

அதில் ஐயமில்லை. தடுமாற்றமில்லை. வழி திறந்திருக்கிறது என்று தெரிந்தது, ஆகவே சொன்னேன். அந்தப் பாதி முழுவதும் சொன்னேன். இடையில் ஓரிரு தடவை பந்தை அவனிடம் கொடுத்தேன். அதுவும் உண்மையாகவே அடைத்துக்கொண்டு நின்ற நேரம் பார்த்துக் கொடுத்தேன். அவன் முட்டி விழுந்தான். "பார்த்தீர்களா" என்பதுபோல யூர்கனைப் பார்த்துக் கையை விரித்தேன்.

இதைவிடக் கேவலம் உண்டா?

நாங்கள் வென்றோம். அதுதான் எல்லாவற்றையும் மூடிவிட்டது. தோற்றிருந்தால் யாராவது என் சட்டையைப் பிடித்திருப்பார்கள். வென்றவனை யார் விசாரிப்பது? கழகத்துக்காக ஆட்டத்தை ஒளிப்பதிவு செய்த பெண்ணும் பந்தின் பின்னாலேயே கமராவைத் திருப்பியிருந்தாள். திறந்து கிடந்த வழி அதில் இல்லை.

ஆட்டம் முடிந்து அந்த மனிதர் எங்களிடம் வந்தார். சொன்னபடி ரெஜிஸின் பக்கத்தில் நின்றேன். அவர் கண்ணியமான மனிதர், மழுப்பவில்லை. "உன்னைப் பற்றி நிறையச் சொன்னார்கள். ஆனால் நீ ஓடி நான் பார்க்கவில்லை. பார்க்காத ஒன்றை நான் போய்ச் சொல்ல முடியாது" என்று ஆங்கிலத்தில் சொன்னார். ரெஜிஸ் என் வாயைப் பார்த்தான்.

"உன்ர ஓட்டத்தை அவருக்குப் பாக்கக் கிடைக்கேல்லையாம்" என்றேன்.

அவன் முகம் ஒரு கணம் வாடியது. பிறகு நிமிர்ந்து அவசரமாகச் சொன்னான்: "மச்சான், அவருக்குச் சொல்லு. அவங்கள் எல்லாரும் என்னைத்தான் அடைச்சுக்கொண்டு நிண்டவங்கள். நீ மாத்தினது சரி. உன்னைப் பிழையா நினைச்சிடப்போறார். சொல்லு."

சொன்னேன். என்னைக் குற்றமற்றவன் என்று அவன் சொன்னதை, நானே, என் வாயால், நல்ல ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தேன். அந்த மனிதர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அவருக்குத் தெரிந்திருக்குமா? அவரும் கோட்டோரம் நின்றுதானே பார்த்தார்? கைகொடுத்துவிட்டு, ஹோல்கரைத் தேடிப் போனார். ஹோல்கருக்குத் தேர்வுப் பயிற்சிக்கு அழைப்பு வந்தது.

ரெஜிஸ் அடுத்த கிழமையே பேக்கரியில் சேர்ந்தான். விடியமுன் வேலை, பயிற்சிக்கு வர ஏலாது என்றான். கொஞ்ச நாளில் ஆட்டத்தை விட்டுவிட்டான். நானும் அந்தப் பருவத்தோடு விட்டேன். முழங்கால் வலி என்று சொல்லிக்கொண்டேன்.

அவன் வாழ்க்கை அழிந்துபோகவில்லை. அப்படி அழிந்திருந்தால் என் குற்றம் எல்லார் கண்ணுக்கும் தெரிந்திருக்கும். அவன் நல்ல பேக்கராகத் தேறினான், கலியாணம் கட்டினான், சிரித்துக்கொண்டிருக்கிறான். சில ஆண்டுகளில் அந்த அமெரிக்க லீக்கையும் இழுத்து மூடிவிட்டார்கள். "நல்ல காலம் அவன் அங்க போகேல்லை, நடுத்தெருவில நிண்டிருப்பான்" என்று எங்கள் ஆட்கள் சொல்கிறார்கள். என் அம்மாவும் சொல்கிறா. அதைக் கேட்கும்போது எனக்குள் ஒரு நிம்மதி எட்டிப் பார்க்கிறது. உடனே அந்த நிம்மதியின்மேல் எனக்கு அருவருப்பு வருகிறது. லீக் மூடப்படும் என்று அறிந்தா நான் 'பிரேமன்' சொன்னேன்?

எல்லாவற்றையும்விட என்னைப் பொறுமையிழக்கச் செய்வது ரெஜிஸ்தான். எந்தக் கொண்டாட்டமானாலும், புதிதாக யாரைக் கண்டாலும், அந்த ஆட்டத்தின் கதையைத் தொடங்கிவிடுவான். தட்டையும் கோப்பைகளையும் மேசையில் அடுக்கி, எதிரிகள் எப்படி நின்றார்கள் என்று காட்டுவான். "இவனுக்கு மூளை. நான் ஓடியிருந்தா தோத்திருப்பம். இவன் பாத்து மாத்தினான்." கேட்பவர்கள் என்னைப் பார்த்துத் தலையாட்டுவார்கள். எழுந்து போனால் தன்னடக்கம் என்பார்கள். இருந்தால் கேட்க வேண்டும். நான் என்னதான் செய்வது?

அண்மையில் அவன் மகளின் ஞானஸ்நானம். கோயில் மண்டபத்தில் சாப்பாடு. மறுபடியும் கோப்பைகளை அடுக்கத் தொடங்கினான். அன்று எனக்கு ஏலாமல் போய்விட்டது. அவன் கையைப் பிடித்து மண்டபத்தின் சமையலறைக்குள் இழுத்துப்போனேன். அடுப்பில் கறி கொதித்துக்கொண்டிருந்தது; அவன் கரண்டியை எடுத்துக் கிளறத் தொடங்கினான். வேறு யாரும் இல்லை.

"ரெஜிஸ், இந்தக் கதையை இனிச் சொல்லாதை."

"ஏன்டா?"

"ரெண்டாம் பாதியில அவங்கள் அடைச்சுக்கொண்டு நிக்கேல்லை. நடுவழி திறந்திருந்தது. நான் கண்டனான்."

அவன் கையில் இருந்த கரண்டி நின்றது. என் முகத்தையே பார்த்தான். அவன் கண்ணுக்குள் ஏதோ ஒன்று மெதுவாகத் திரும்பியது... அந்த ஆட்டத்தின் ஒவ்வொரு முயற்சியையும் அவன் மறுபடி ஓடிப் பார்க்கிறான் என்று நினைத்தேன். ஒரு சொல், இன்னும் ஒரே ஒரு சொல் சொன்னால் போதும். வேண்டுமென்றே. அதுதான் அந்தச் சொல்.

அவன்தான் முதலில் பேசினான்.

"ஹெல்மெட்டுக்குள்ளால பாக்கேக்க பிழைபடும்தானே மச்சான்?"

அது கேள்வியா? எனக்கு அவன் கொடுத்த வழியா? தெரிந்துகொண்டே கொடுத்தானா? இன்றும் எனக்குத் தெரியவில்லை. தெரிந்தது ஒன்றுதான், அந்த வழியால் நான் நுழைந்துவிட்டேன்.

"ஓம்" என்றேன். "பிழைபட்டுப் போச்சு."

அவன் மூச்சு விட்டான். என் தோளைத் தட்டினான். "இதுக்கே இவ்வளவு காலம் மனசுக்குள்ள வச்சு வெந்துகொண்டிருந்தனீ? பிழைவிடாத ஆள் ஆர்? விடு."

கறிச்சட்டியைத் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்குள் போனான். நான் பின்னால் நடந்தேன். அவன் மேசையடியில் நின்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லிக்கொண்டிருந்தான்: "பாருங்கோ, ஆட்டத்தில ஒரு சின்னப் பிழை விட்டவனாம். இவ்வளவு வருசத்துக்குப் பிறகு என்னட்டை வந்து மன்னிப்புக் கேக்கிறான். இப்பிடி ஒரு மனுசனைக் கண்டிருக்கிறியளோ?"

அவனுடைய தகப்பன் எழுந்து வந்து என் கையை இரண்டு கைகளாலும் பற்றினார். அவர் கண் கலங்கியிருந்தது. என் அம்மா பெருமையோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தா.

நான் செய்யாத பிழைக்கு மன்னிப்பு வாங்கிக்கொண்டு அங்கே நின்றேன். செய்தது அப்படியே இருக்கிறது. இனி அதை எந்த முகத்தோடு போய்ச் சொல்வேன்?

பக்கத்தில் இருந்த யாரோ எனக்குக் கதிரையை இழுத்துப் போட்டார்கள். உட்கார்ந்தேன். ரெஜிஸ் என் தட்டில் சோறு போட்டான். சாப்பிட்டேன்.